அத்தை கோலி

ஜனவரி 4
கால்வாய் வெட்டு முகாம்

அருங்காட்சியக உலோகப் பிரிவுப் பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதை உங்கள் தம்பி எழுதவில்லை, கால்வாய் வேலையின் ஓவர்சியர் எழுதுகிறான். தம்பியாக எழுதுவதென்றால் முதலில் பழைய வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும்.

நான்கு வருஷம் முன்பு மண்ணில் கிடைத்த ஒரு நாணயத்தை ஆசை ஆசையாக உங்களுக்கு அனுப்பினேன். திறந்த கார்டில் ஒரே வரி பதில் வந்தது: "இது நாணயம் அல்ல, பொத்தான்." தபால்காரர் படித்தார், கேட் வாட்ச்மேன் படித்தார், சமையல்காரர் படித்தார். கடைசியாக நான் படித்தேன். அன்றிலிருந்து இந்த முகாமில் என் பெயர் பொத்தான். கூலியாட்கள் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள், இன்ஜினியர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். கூடப்பிறந்தவனைக் கை கழுவ ஒரு கார்டு போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

போகட்டும். முந்தாநாள் ஏழாவது மைலில் மூன்றடி ஆழத்தில், மக்கிப்போன ஒரு தோல் பைக்குள் நாற்பத்துமூன்று குண்டுகள் கிடைத்தன. சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை. மண்வெட்டி கீறிய இடம் மட்டும் பளபளக்கிறது. ஈயம் என்பது கையில் எடுத்த கனத்திலேயே தெரிந்துவிட்டது. "என்னய்யா பொத்தான், இந்தத் தடவ உருண்டையா கெடச்சுதா?" என்கிறார் இன்ஜினியர். இவை என்ன, எந்தக் காலத்தவை என்று அலுவலக முத்திரையோடு எழுதித் தர வேண்டும். இந்தத் தடவையாவது பதிலை உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பவும்.

இப்படிக்கு,
ஓவர்சியர்

பின்குறிப்பு: உங்கள் பதிவேட்டில் இல்லாத ஒரு தகவல். எனக்கு மகள் இருக்கிறாள். வயது இரண்டே முக்கால். எது கிடைத்தாலும் கொறிப்பதால் சுண்டெலி என்று கூப்பிடுகிறோம். அலமாரியில் இருக்கும் உங்கள் போட்டோவைக் காட்டினால் அத்தை என்பாள்.


ஜனவரி 11

தம்பி,

உறைக்குள் போட்டு, ஒட்டி, மேலே அரக்கும் வைத்திருக்கிறேன். போதுமா?

அந்தக் கார்டு என் தப்பு. அன்று மத்தியானம் எழுபது பொருளுக்கு ஒரே வரியில் எழுதித் தள்ளினேன். அதில் ஒன்று தம்பியுடையது என்று கை ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதைச் சொல்ல நான்கு வருஷம் எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் மருமகள் பிறந்ததைப் பின்குறிப்பில் சொன்னவனும் நீதான். அதற்கு உன்னை நேரில் வந்து திட்டுவேன்.

இப்போது வேலைக்கு வருகிறேன். குண்டுகளைக் கழுவாதே. அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன் பார். தேய்க்காதே, துடைக்காதே, சோப்புப் போடாதே. அந்த வெள்ளைதான் அதன் வயதுக்குச் சாட்சி. ஈயம் பல காலம் மண்ணுக்குள் கிடந்தால்தான் அப்படி ஒரு தோல் வளரும். அதைச் சுரண்டிவிட்டால் நேற்று வார்த்ததும் முப்பாட்டன் காலத்ததும் ஒன்றாகிவிடும். ஆபீசில் வைக்காதே, உங்கள் இன்ஜினியர் பேப்பர் வெயிட் ஆக்கிவிடுவார். அட்டைப் பெட்டியில் பஞ்சு போட்டு வீட்டுக்குள் ஈரம் படாமல் வை. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, குறுக்களவும் எடையும் எழுது. அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோடு, வார்த்தபின் மிச்சமாக நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை நறுக்கிய தடம், பள்ளம், கீறல், எல்லாவற்றையும் வரைந்து அனுப்பு.

சுண்டெலியின் போட்டோ ஒன்றும் அனுப்பு. அதற்கு முத்திரை வேண்டாம்.

அக்கா


ஜனவரி 29

அக்கா,

அரக்கு வைத்த உறையைப் பார்த்துத் தபால்காரரே ஒரு சுற்று மரியாதை கூட்டிவிட்டார். உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. அன்றே குண்டுகளை ஆபீசிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். கம்பவுண்டரிடம் மருந்துத் தராசைக் கடன் வாங்கினேன். பட்டியல் இணைத்திருக்கிறேன். பெரியவை முப்பத்தெட்டு, பதினேழு மில்லிமீட்டர், இருபத்தொன்பது கிராமுக்குச் சற்று முன்னே பின்னே. சின்னவை ஐந்து, பன்னிரண்டு மில்லிமீட்டர். ரொம்ப அழகாக இருப்பது நாற்பத்தொன்றாம் எண், 10.3 கிராம். சிலவற்றில் பல் பட்டதுபோல் பள்ளம் இருக்கிறது, வரைந்திருக்கிறேன். அடிபட்ட சிப்பாய்கள் வலி பொறுக்கக் குண்டைக் கடிப்பார்களாமே, அதுவா?

இன்னொன்றும் பையின் மடிப்பில் இருந்தது. எழுதவே கூசுகிறது. ஒரு பொத்தான்.

எனக்கு உதவியாள் சுண்டெலிதான். "இதெல்லாம் அத்தைக்கு" என்று சொன்னதிலிருந்து அதற்குப் பெயர் அத்தை கோலி. வரிசையாக அடுக்குகிறாள், பெயர் வைக்கிறாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். வீட்டுக்காரி இவளுக்குத்தான் பிடிக்கவில்லை. "வெள்ளத் தூளு மெத்தையெல்லாம் ஒட்டுது, ஒரேயொரு தடவ சோப்புத் தண்ணில அலசித் தரேனே" என்றாள். நீ போட்ட இரண்டு கோட்டைக் காட்டினேன். "அண்ணி சொன்னா சரிதான்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டாள்.

குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி. கம்பவுண்டர் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார். போட்டோ வைத்திருக்கிறேன். சிரிக்கச் சொன்னால் இப்படித்தான் பல்லைக் காட்டுவாள்.

தம்பி


பிப்ரவரி 4

அடேய்,

பொத்தானா! அதை ஏன் பதுக்கி எழுதுகிறாய்? குண்டு தன் வயதை ஐம்பது வருஷம் முன்னே பின்னேதான் சொல்லும். ஒரே அளவுக் குண்டை மூன்று தலைமுறை சுட்டிருப்பார்கள். படைகள் துப்பாக்கியை மாற்றுவதைவிடச் சட்டையை அடிக்கடி மாற்றும். அதனால் பொத்தான் பத்து வருஷத்துக்குள் சொல்லிவிடும். உன்னை அசிங்கப்படுத்திய அதே சாமான் இப்போது உன் மானத்தைக் காப்பாற்றப் போகிறது. ராத்திரி தூக்கமே வரவில்லை எனக்கு.

உன் பட்டியல் பிரமாதம். பெரியவை நீளமான மஸ்கட் துப்பாக்கிக்கு, மருந்தை வாய்வழியாகக் கொட்டி இடித்துச் சுடுவார்களே, அதற்கு. சின்னவை கைத்துப்பாக்கிக்கு. பல்தடத்தைப் பற்றி ஒரு கசப்பான உண்மை: பெரும்பாலும் அது சிப்பாய் அல்ல, பன்றி. ஈயத்தின் மேல்தோல் லேசாகத் தித்திக்கும் என்பார்கள், மண்ணைக் கிளறும்போது கொறித்துப் பார்க்கும். சிப்பாய் என்று எழுதி வைத்தால் பார்க்க வருகிறவர்கள் உச் கொட்டுவார்கள். பன்றி என்றால் சிரிப்பார்கள். நான் பன்றி என்றுதான் எழுதுவேன்.

நாற்பத்துமூன்றையும் பொத்தானையும் உடனே பார்சலில் அனுப்பு. பூச்சி மருந்து நல்லதுதான், அந்த வயதில் உனக்கும் ஓயாமல் வயிற்றுவலி. போட்டோ என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

முந்தாநாள் பார்சல் கிளம்பிவிட்டது. சுண்டெலி பெட்டியை விடவே இல்லை. அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மூடியை வைத்து ஆணி அடித்தேன். எழுந்ததும் ஒரே ரகளை.

அவள் சரியாக இல்லை. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவள் வாசற்படியில் தடுமாறுகிறாள். வாக்கியம் வாக்கியமாகப் பேசியவள் இப்போது கையை மட்டும் நீட்டுகிறாள். "கோலி போன கோவம், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்கிறாள் அவள் அம்மா. வளரும் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம் என்கிறார் கம்பவுண்டர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் வேலை முடிந்ததும் ஒன்றிரண்டைத் திருப்பி அனுப்ப முடியுமா? சின்னதாக இருந்தால் நல்லது. அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

தம்பி


தந்தி, பிப்ரவரி 21

குழந்தைக்கு ஈய விஷம். உடனே பெரிய ஆஸ்பத்திரி கொண்டு போ. வயிற்று எக்ஸ்ரே எடு. குண்டு விழுங்கியிருக்கலாம். அக்கா.


பிப்ரவரி 21

தம்பி,

காலை பத்து மணிக்குப் பார்சலைப் பிரித்தேன். பதினொன்றுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். தந்தி உங்கள் ரயில் நிலையம் வரைதான் பறக்கும், அங்கிருந்து சைக்கிள்தான் என்று தந்தி ஆபீசில் சொன்னார்கள். அதனால் கடிதமும் எழுதுகிறேன். எது முதலில் வந்தாலும் உடனே கிளம்பு.

நீ வரைந்த பல்தடங்களைப் பார்த்தேன். அந்தப் பள்ளங்களுக்குள்ளும் வெள்ளை படிந்திருக்கிறது. அவை பழசு, பன்றிதான். ஆனால் 7, 12, 30, 38 ஆகிய எண்களில் நீ வரையாத பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் வெள்ளை இல்லை. வெறும் ஈயம், பளபளவென்று. பல் பட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒவ்வொரு தடமும் நான்கு மில்லிமீட்டர் அகலம். தந்தி கொடுத்த பிறகு, நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, எங்கள் டைப்பிஸ்ட் அம்மாளின் மூன்று வயதுப் பெண்ணை ஒரு மெழுகுத் துண்டைக் கடிக்க வைத்து அளந்தேன். நான்கு.

மூன்று தடவை எண்ணினேன். நாற்பத்திரண்டுதான் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் எண் இல்லை. பஞ்சில் அது இருந்த குழி மட்டும் இருக்கிறது.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். வயிற்றுவலி, வாந்தி, வெளுத்த முகம், தடுமாற்றம், பேச்சு. ஈயம் ரத்தத்தில் ஏறினால் என்னவெல்லாம் வருமோ அதையெல்லாம் நீ வரிசையாக எழுதியிருக்கிறாய். நான் பொத்தானைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது: ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவு, வாயில் எதையும் வைக்காதே. பதினாறு வருஷமாகத் தினமும் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் குண்டைக் கழுவாதே என்று எழுதினேன். கையைக் கழுவு என்று எழுதவில்லை. வீட்டில் குழந்தை இருக்கிறாள் என்று தெரிந்தும் வீட்டுக்குள் வை என்று எழுதினேன்.

கிளம்பிவிட்டேன் என்று ஒரு வரி போடு.

அக்கா


பிப்ரவரி 25

தம்பி,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இன்று இயக்குநர் அறையிலிருந்து முகாமுக்குப் போன் போட்டேன். நாலாவது தடவை யாரோ எடுத்தார்கள். ஓவர்சியர் வேண்டும் என்றேன். "எந்த ஓவர்சியர்? இங்க ஆறு பேர் இருக்காங்க" என்றார். உன் பெயரைச் சொன்னேன், புரியவில்லை. வேறு வழியில்லாமல் "பொத்தான்" என்றேன். "அட, அவரா? புள்ளைக்கு முடியலேன்னு நேத்து லாரில கெளம்பிட்டாரே" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவே இல்லை.

எங்கே வருவது என்று தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இதையும் முகாம் விலாசத்துக்கே போடுகிறேன், யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள்.

அக்கா


மார்ச் 3
மாவட்ட ஆஸ்பத்திரி

அக்கா,

தந்தி இருபத்துநாலாம் தேதிதான் வந்தது, அன்றே லாரியில் கிளம்பிவிட்டோம். உன் கடிதங்களை நேற்று லாரி டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார்.

வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. இவள் மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் டிரைவரை வேகமாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் ஒரு வெள்ளை வட்டம். டாக்டர் அளப்பதற்கு முன்பே எனக்கு அளவு தெரியும். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் இருப்பதை இறக்கத் தினமும் ஊசி போடுகிறார்கள். குழந்தை கண்ணைத் திறந்து பார்க்கிறாள். யாரைப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

குண்டைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். மருந்தறைத் தராசில் போட்டுப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று கேட்காதே, நீ பழக்கிய பழக்கம். 9.9. என் பட்டியலில் 10.3. வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை, புதுசுபோல் மின்னுகிறது. அதைப் பார்த்துவிட்டு இவள் சொன்னாள், "நான் அலசித் தரேன்னு கெஞ்சினேன். வேணாம்னு ரெண்டு கோட்டக் காட்டினீங்க. இப்ப எம்புள்ள வயிறு கழுவிக் குடுத்திருக்கு, எடுத்துட்டுப் போய் உங்கக்காகிட்ட குடுங்க."

உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. எண்ணாமல் ஆணி அடித்தவன் நான். ஆனால் நீ வராதே. இவள் உன் முகத்தைப் பார்க்கிற நிலையில் இல்லை. நான் அவளிடம் எதையும் வேண்டும் என்று கேட்கிற நிலையில் இல்லை.

தம்பி


மார்ச் 9

தம்பி,

வரவில்லை. லீவு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன், பையும் கட்டியாயிற்று. ஆனாலும் வரவில்லை. உன் மனைவி சொன்னது நியாயம். வேறு யாராவது சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன்.

இங்கே ஈய விஷத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் போடுகிற அதே ஊசிதான், இதைவிட நல்ல ஊசி இங்கேயும் இல்லை என்றார். இருந்திருந்தால் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பேன், வாசலிலாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். அதற்கும் வழியில்லை. போட்டோவில் சுண்டெலி பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இன்னும் இருக்கிறது. என்னால் எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவள் எழுந்து உட்கார்ந்தால் மட்டும் ஒரு வரி.

அக்கா


மார்ச் 30
முகாம்

அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டோம். உட்கார்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். "போனது வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இதற்கு எத்தனை வருஷம் படித்தாரோ.

டிசம்பரில் ஒரு நாள் விளையாட்டாக அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளை எழுதி வைத்தேன். நூற்றுப்பத்து இருந்தது. நேற்று மறுபடி எண்ணினேன். நான்கு. அம்மா, வேணாம், ஊசி, கோலி. உன் போட்டோவைக் காட்டினேன். அத்தை போய்விட்டது. கோலி மட்டும் இருக்கிறது.

ஏழாவது மைலில் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியக அறிக்கை வந்தால்தான் மேற்கொண்டு வெட்டலாமா கூடாதா என்று தெரியுமாம். எனக்கு அது இனி வேண்டியதில்லை. ஆனாலும் எழுதி அனுப்பிவிடு. நாற்பத்தொன்றாம் எண்ணைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்த வீட்டில் அது இருக்கக்கூடாது.

தம்பி


ஏப்ரல் 7

தம்பி,

அறிக்கையின் நகல் கீழே. அசல் இன்ஜினியருக்குப் போகிறது, முத்திரையோடு.

"பொருள்: ஈயக்குண்டுகள் 43, பித்தளைப் பொத்தான் 1. குண்டுகள் கையால் வார்த்தவை. அச்சுக் கோடும், இடுக்கியால் காம்பு நறுக்கிய தடமும் தெளிவு. எதுவும் சுடப்படவில்லை. பையோடு தவறியவை அல்லது கைவிடப்பட்டவை. பொத்தானின் முத்திரையைக் கொண்டு கணித்த காலம்: சுமார் நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், பத்து ஆண்டு முன்பின். கண்டெடுத்த ஓவர்சியரின் கவனத்தாலேயே பொத்தான் கிடைத்தது. அது இன்றேல் காலம் கணித்திருக்க இயலாது.

சேதம் (அ): விலங்கின் பல்தடம், பழையது.

சேதம் (ஆ): எண் 7, 12, 30, 38 ஆகியவற்றில் மனிதக் குழந்தையின் பால்பல் தடம். எண் 41, விழுங்கப்பட்டு வயிற்று அமிலத்தால் 0.4 கிராம் கரைந்தது. காலம்: இந்த ஆண்டு ஜனவரி 16 முதல் பிப்ரவரி 12 வரை. காரணம்: பதிவாளரின் எழுத்துமூலமான அறிவுரை."

கடைசி வரி தேவையா என்று இயக்குநர் கேட்டார். தேவை என்றேன். ஜனவரி 16 எப்படி வந்தது என்று கேட்டார். என் கடிதம் தம்பி கைக்குப் போய்ச் சேர்ந்த நாள் என்றேன். பதினாறு வருஷத்தில் எந்தப் பொருளுக்கும் நான் இவ்வளவு துல்லியமாகக் காலம் குறித்ததில்லை.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

இன்ஜினியர் அறிக்கையைப் படித்துவிட்டு எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "ஓவர்சியர் சார்" என்று கூப்பிட்டார். நான்கு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்ததும் ஒன்றுமே தோன்றவில்லை, குழாயடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சுண்டெலி நேற்றும் கோலி கேட்டாள். ரப்பர் பந்து ஒன்று கொடுத்தேன். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இது இல்லை என்பதுபோல் என்னையே பார்த்தாள். வார்த்தை இன்னும் நான்குதான்.

அறிக்கையை இவளுக்குப் படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் கத்தியை வைத்துவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு, "அவங்களே எழுதிட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். குழந்தைக்கு ஊட்டி, வாயைத் துடைத்து, படுக்கப் போட்டாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "வரச் சொல்லுங்க. அத்தைன்னா யாருன்னு புள்ளைக்கு மொதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும். ஆனா வாசல்லயே கையக் கழுவிட்டு உள்ள வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக்கு லாரி வரும். வாசலில் வாளியும் சோப்பும் இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

தம்பி